காவிரிக்கரையும் சோதனைச்சாலையும்

திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம் செல்லும் ஒன்றாம் எண் பேருந்து காவிரிப் பாலத்தைக் கடந்ததும் ஒரு தீவுக்குள் நுழைகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். இவ்விரண்டுக்கும் இடையே ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் அமைந்துள்ளன. கோபுரங்களைக் காணவே இங்கு உலகம் வருகிறது. ஆனால், 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருவானைக்காவலில் தன் பாட்டனார் இல்லத்தில் பிறந்த ஒரு குழந்தை, பிற்காலத்தில் ஒளியின் இரகசியம் ஒன்றைக் கண்டு சொல்லி 1930இல் நோபல் பரிசு பெற்றது என்பதையும் திருச்சிக்காரர்கள் மறப்பதில்லை. சர் சி.வி. இராமன் எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கெல்லாம் ஒரு பெருமிதம்.

அந்தப் பெருமிதத்தைச் சற்றே உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1892இல் தந்தை சந்திரசேகர ஐயருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் ஆசிரியப் பணி கிடைத்தது. குடும்பம் அங்கே பெயர்ந்தபோது இராமனுக்கு நான்கு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அவர் படித்தது விசாகப்பட்டினத்திலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும்; ஆய்ந்தது கல்கத்தாவிலும் பெங்களூரிலும். நம் ஊர் அவருக்குத் தந்தது பிறப்பையும் காவிரித் தண்ணீரையும்தான். மற்றவற்றைத் தந்த ஊர்கள் வேறு. பிறப்பிடம் சொல்லிப் பெருமை கொள்ளும் நாம், ஆய்விடம் ஏன் வேறிடமாயிற்று என்று கேட்பதில்லை. இக்கட்டுரையில் நாம் கேட்க விழைவது அதைத்தான்.

இராமன் ஆய்வு செய்த விதம் நம் வணிகக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. பதினெட்டாம் வயதிலேயே அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இங்கிலாந்து இதழில் 1906இல் வெளிவந்துவிட்டது. ஆயினும் இந்தியாவில் அன்று ஆராய்ச்சியாளன் என்றொரு பிழைப்பு கிடையாது. அவர் 1907இல் அரசாங்க நிதித்துறைத் தேர்வு எழுதிக் கணக்கு அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். பவ்பஜார் தெருவில் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய அறிவியல் சங்கம் ஒன்று இருந்தது. சோதனைச்சாலை இருந்தது, சோதிப்பார்தாம் இல்லை. அலுவலகம் செல்லுமுன் விடியற்காலையிலும், அலுவலகம் விட்டபின் இரவிலும் அங்கே சென்று வேலை செய்தார் இராமன். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிப் போன காலம் நீங்கலாக, இவ்வாறே பத்து ஆண்டுகள். ஆசுதோஷ் டே என்ற உதவியாளர் ஒருவர் உடனிருந்தார். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பதவி வந்தபோது, அதன் சம்பளம் அரசுப் பணியினதைவிடக் குறைவு என்று அறிந்தே ஏற்றுக்கொண்டார்.

1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பற்றிக்கொண்டது. கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் நிழலால் என்று அக்காலத்துப் பேரறிஞர் ராலே பிரபு எழுதியிருந்தார். இராமன் தம் சட்டைப்பையில் இருந்த சிறு ஒளிப்பட்டகத்தைக் கண்ணருகே பிடித்து, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை மறைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை, முன்னிலும் ஆழ்ந்து தெரிந்தது. அப்படியானால் அந்த நிறம் நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. இந்தச் சிறு ஐயத்தைப் பிடித்துக்கொண்டு ஏழாண்டுகள் நடந்ததன் முடிவே 1928 பிப்ரவரி 28. ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு திரவத்துள் செலுத்தினால் சிதறி வரும் ஒளி பெரும்பாலும் அதே நிறமாக இருக்கும். கோடியில் ஏறத்தாழ ஒரு பங்கு மட்டும் நிறம் மாறி வரும். மூலக்கூறின் அதிர்வு ஒளியிடமிருந்து சிறிது ஆற்றலை வாங்கிக்கொள்வதால், அல்லது கொடுப்பதால், நேரும் மாற்றம் அது. எந்தப் பொருள் எவ்வளவு மாற்றுகிறது என்பது அந்தப் பொருளின் கைரேகை போன்றது. கே.எஸ். கிருஷ்ணனும் அவரும் சேர்ந்து அறுபதுக்கு மேற்பட்ட திரவங்களைச் சோதித்தார்கள். அதே மாதத்தில் மாஸ்கோவிலும் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஸ்டாம் என்ற இருவர் படிகக்கல்லில் இதையே கண்டார்கள். கிருஷ்ணனின் பங்கு நம் நாட்டுப் பேச்சுகளில் மங்கிப்போனது நியாயமன்று என்பது நம் கருத்து.

திருச்சிப் பக்கத்துக் கிராமங்களில் செயற்கை வைரக் கற்களுக்குப் பட்டை தீட்டிப் பிழைத்த குடும்பங்கள் பல. கண்ணுக்கு வைரமாகவே மின்னும் அக்கல்லை இன்று ஒரு நொடியில் வேறு பிரித்துவிடுகிறார்கள். ஒளிக்கற்றையைச் செலுத்தினால் உண்மை வைரம் 1332 என்ற எண்ணில் ஒரே ஒரு கூரிய கோட்டைக் காட்டும். போலிக்கல் அதைக் காட்டாது. இதற்குப் பயன்படுவது இராமன் விளைவுதான். பட்டை தீட்டியவர்களின் ஊரருகே பிறந்தவரின் கண்டுபிடிப்பு, அவர்கள் தீட்டிய கல்லையே எடை போடுகிறது!

ஒளி என்றதும் நம் பத்திரிகைகளில் இப்னுல் ஹைதமின் பெயர் வராமல் இராது. பஸராவில் ஏறத்தாழ கி.பி. 965இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அப்பேரறிஞர், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதாலேயே காட்சி பிறக்கிறது என்று நிறுவினார். ஏழு பாகங்கள் கொண்ட அவருடைய ‘கிதாபுல் மனாழிர்’ இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியருக்குப் பாடநூலாயிற்று. இவை எல்லாம் நாம் பலகாலும் எழுதிப் படித்தவை. நமக்கு அவரிடம் அதிகம் பிடித்தது வேறொரு செய்தி. யூக்ளிடின் நூலையும் தாலமியின் நூலையும் கையால் படியெடுத்து விற்று, அந்த வருவாயில் ஆண்டு முழுதும் வாழ்க்கை நடத்தி, எஞ்சிய பொழுதை ஆய்வுக்குச் செலவிட்டார் என வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கெய்ரோவில் நூல் எழுதிப் பிழைத்தவரும் கல்கத்தாவில் கணக்கெழுதிப் பிழைத்தவரும் ஒரே சாதியினர் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டு அமர்ந்துகொள்வது எளிது. நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் இருட்டறையில் விளக்கேற்றி ஒளியை அளந்திருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினால் விரல்கள் மிகுந்துவிடும்.

இராமனை நாடறியும். அதே காவிரிக்கரையில் பிறந்த இன்னொருவரை நாம் கேட்டுப் பார்த்த கல்லூரி மாணவர்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. குளித்தலையில் 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் பிறந்து, ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் பள்ளிப்படிப்பு முடித்த டி.ஆர். சேஷாத்ரி அவர்களைச் சொல்கிறோம். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்று, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ந்து 1929இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்பு ஆஸ்திரியாவிலுள்ள கிராஸ் நகருக்குச் சென்று பிரெகலிடம் நுண்பகுப்பு முறையைக் கற்றார். ஒரு பொருளில் கரி எவ்வளவு, நீர்வளி எவ்வளவு என்று கண்டறிய அதுவரை கணிசமான அளவு தூள் தேவைப்பட்டது. சில மில்லிகிராம் போதும் என்று காட்டி 1923இல் நோபல் பரிசு பெற்றவர் பிரெகல். பூவிதழின் சாயத்தை ஆராய விரும்புகிறவனுக்கு இந்தக் கலை உயிர் போன்றது. ஒரு கூடைப் பூவில் கிடைக்கும் சாயம் விரல் நுனியளவே அல்லவா!

தாயகம் திரும்பிய சேஷாத்ரி கோயம்புத்தூரில் மண் ஆராய்ச்சிப் பணி பார்த்து, பிறகு வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறையைக் கட்டி எழுப்பினார். 1949இல் தில்லிப் பல்கலைக்கழகம் சென்றார். 1960இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. 1975இல் மறைந்தார். அவர் வாழ்நாள் ஆய்வெல்லாம் வயலிலும் வேலியிலும் கிடைக்கும் பொருள்களைப் பற்றியது: பருத்திப்பூ, மரப்பட்டை, பாறையில் படரும் பாசி. பருத்திப்பூவின் மஞ்சளை நீலகண்டம் என்பவரோடு சேர்ந்து பிரித்தெடுத்துப் பல கட்டுரைகள் எழுதினார். பூக்களுக்கும் பட்டைகளுக்கும் நிறமும் துவர்ப்பும் தரும் ஃபிளேவனாய்டு என்னும் பொருள்களைப் பற்றி எழுதும் எவரும் அவர் பெயரைத் தாண்டிச் செல்ல இயலாது. வெளிநாட்டு இயந்திரம் வரும் வரை காத்திராமல், வேலியோரத்துச் செடியிலிருந்தே உலகத்தரமான வேதியியல் செய்தவர் அவர்.

மரப்பட்டையும் துவர்ப்பும் என்றவுடன் நம் நினைவு செம்பட்டுக்குச் செல்கிறது. திருச்சிக்குத் தெற்கே இருக்கும் அவ்வூரில் நம் பாட்டனாருக்குத் தோல் ஷாப் ஒன்று இருந்தது. சிறுவயதில் அங்கே போய்வந்த நாள்களின் வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது. உப்பிட்ட பச்சைத்தோல் வரும், தண்ணீரில் ஊறும், சுண்ணாம்புத் தொட்டியில் கிடந்து மயிர் நீங்கும், பிறகு ஆவாரம்பட்டைச் சாறு நிரம்பிய தொட்டிகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி நாள் கணக்கில் ஊறும், இறுதியில் கடுக்காயும் புங்க எண்ணெயும் கண்டு வெளிறிய செந்நிறத்தில் வெயிலில் தொங்கும். தோல் ‘பாய்ந்துவிட்டதா’ என்று பாட்டனார் ஓரத்தைக் கத்தியால் சீவி வெட்டுவாயைப் பார்ப்பார். இரண்டு விரலால் நெருடுவார். சொன்னால் சொன்னதுதான். கைநாட்டுப் பேர்வழியான அவருக்கு எந்தப் பருவத்துப் பட்டைக்கு எவ்வளவு காரம், மழைக்காலத்தில் எத்தனை நாள் கூடுதல் என்பதெல்லாம் மனப்பாடம். ஏன் அப்படி நடக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. கேட்டால், ‘பட்டை தோலைப் பிடிச்சுக்கிதுப்பா’ என்பார்.

பட்டை எதைப் பிடித்துக்கொள்கிறது? விடை சொன்னவரும் திருச்சியில் படித்தவரே. எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்த ஜி.என். இராமச்சந்திரன் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1942இல் பட்டம் பெற்றார். (அக்கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883இல் திருச்சிக்கு வந்தது.) பெங்களூரில் இராமனின் மாணவரானார், கேம்பிரிட்ஜ் சென்று வந்தார், 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவரானபோது அவருக்கு முப்பது வயது ஆகியிருக்கவில்லை. என்ன ஆராயலாம் என்று எண்ணிக்கொண்டிருந்த வேளையில், சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பை இதுவரை எவரும் சரியாகச் சொல்லவில்லை என்று பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். தோலுக்கும் தசைநாருக்கும் வலிமை தரும் புரதம் அது. பக்கத்திலேயே அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இருந்தது. அங்கிருந்து கங்காரு வாலின் தசைநார் கிடைத்தது. எக்ஸ் கதிரை அதனூடே செலுத்திப் படம் பிடித்து, கோபிநாத் கர்த்தாவும் அவரும் 1954இல் ‘நேச்சர்’ இதழில் விடையை வெளியிட்டார்கள். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும் முப்புரிக் கயிறு அது. ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் அமர்கிறது. ஏனெனில் கயிற்றின் நடுவில் அதைவிடப் பெரியதற்கு இடமில்லை. அடுத்து 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு அவர் வரைந்த படம், புரதச் சங்கிலி எந்தக் கோணத்தில் மடங்கலாம், எந்தக் கோணத்தில் மடங்கலாகாது என்று காட்டியது. உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டாலும் அது சரியா என்று பார்க்க இன்றும் இராமச்சந்திரன் படத்தைத்தான் விரிக்கிறார்கள்.

இப்போது பாட்டனாரின் தொட்டியை எட்டிப் பார்ப்போம். ஆவாரம்பட்டையின் துவர்ப்புப் பொருள் சேஷாத்ரி ஆராய்ந்த ஃபிளேவனாய்டுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அத்தகைய மூலக்கூறுகள் பல ஒன்றோடொன்று கோத்துப் பெரிதானவை. அது பற்றிக்கொள்வது இராமச்சந்திரனின் முப்புரிக் கயிற்றை. பற்றிக்கொண்டபின் கயிறு நீரில் அழுகாது, வெயிலில் விறைக்காது. குளித்தலைக்காரர் ஒருவரும், திருச்சிக் கல்லூரியில் படித்த ஒருவரும் வேறு வேறு ஊர்களில், வேறு வேறு காலத்தில் எழுதியவை செம்பட்டுத் தொட்டி ஒன்றில் நூறாண்டுகளாகத் தினமும் நடந்துகொண்டிருந்தன. தொட்டிக்காரர்களாகிய நமக்குத்தான் தெரியாமல் போயிற்று.

தெரியாமல் போனதற்கு விலை இருந்தது. பட்டைத் தொட்டிக்குப் பதில் குரோமிய உப்பு வந்தது. வாரக்கணக்கில் ஆனது ஓரிரு நாளில் முடிந்தது. (சென்னையில் குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்ததுதான். அப்துல் கலாம் அவர்கள் 1954இல் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்று மேற்படிப்புக்குச் சென்றதும் அதே குரோம்பேட்டைக்கு என்பது ஒரு வேடிக்கை.) கழிவுநீர் கிணறுகளில் இறங்கியது. வடஆர்க்காட்டுப் பக்கம் பாலாற்றங்கரை பாழாயிற்று. 1996இல் உச்ச நீதிமன்றம், நீரைச் சுத்திகரிக்காத தோல் தொழிற்சாலைகளை மூடச் சொல்லித் தீர்ப்பளித்தது. அன்று நம் சமுதாயத்துத் தொழிலதிபர்கள் பொறியாளரையும் வேதியியலாரையும் தேடி ஓடிய ஓட்டத்தை நாம் கண்ணால் கண்டோம். தலைமுறை தலைமுறையாகத் தோலைத் தொட்டவர்களின் வீட்டில், தோலைப் படித்தவர் மிகச் சிலரே இருந்தனர். பட்டமும் பணமும் இருந்தன. கணக்குப் பார்க்க ஆள் இருந்தது. தொட்டிக்குள் என்ன நிகழ்கிறது என்று சொல்லத்தான் வெளியாளை நாட வேண்டியிருந்தது.

பிள்ளைகளைப் படிக்க வைக்கவில்லையா என்றால், வைத்தார்கள். தோல் வணிகத்தில் பெயர் பெற்ற ஹாஜி ஜமால் முஹம்மது சாஹிப் அவர்களின் பெயரைத் தாங்கி, காஜாமியான் ராவுத்தர் அவர்களின் பெருங்கொடையோடு 1951இல் திருச்சியில் கல்லூரியே எழுந்தது. அங்கு இயற்பியலும் வேதியியலும் கற்றுத் தேறியோர் ஆயிரமாயிரம். ஆனால் கற்பது வேறு, காண்பது வேறு. 1857இல் வெள்ளையர் சென்னைப் பல்கலைக்கழகத்தை நிறுவியபோது அது தேர்வு நடத்திப் பட்டம் தரும் ஓர் அலுவலகமாகவே இருந்தது. பல்கலைக்கழகம் தானே கற்பிக்கலாம், ஆராயலாம் என்று சட்டம் சொன்னது 1904இல்தான். இணைப்புக் கல்லூரிகளின் வேலை பாடத்திட்டத்தை முடிப்பது. நாடு விடுதலை பெற்ற பின்னும் அந்த வழக்கம் எளிதில் மாறவில்லை.

அது எப்படி இருந்தது என்பதற்கு நமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லலாம். எண்பதுகளின் தொடக்கத்தில், ஊரும் பெயரும் வேண்டாத ஒரு கல்லூரியில் நாம் இயற்பியல் பயின்றோம். நம் மூத்தோர் பௌதிகம், ரசாயனம் என்று சொன்னவை இயற்பியல், வேதியியல் என்று பெயர் மாறிவிட்ட காலம். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் கண்ணாடிப் பட்டகத்தின் ஒளிவிலகல் எண்ணை அளக்கும் சோதனை நமக்கு வந்தது. அறுபது டிகிரிப் பட்டகம், ஒளி குறைந்தபட்சம் 37 டிகிரி திரும்ப வேண்டும், எண் 1.5 வர வேண்டும். நமக்கு 48 டிகிரி வந்தது. மூன்று முறை அளந்தோம். மூன்று முறையும் 48. கணக்கிட்டால் 1.62. பதிவேட்டில் அதையே எழுதிக் கொடுத்தோம். சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு வந்தது. ‘புத்தகத்தைப் பார்த்ததில்லையா?’ என்ற கேள்வியும் வந்தது.

மாலையில் சோதனைச்சாலை உதவியாளர் பட்டகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பள்ளி இறுதிவரை படித்தவர். நம் பட்டகத்தை ஒரு கையிலும் இன்னொன்றை மறுகையிலும் வைத்துத் தூக்கிப் பார்த்து, ‘தம்பி, இது வேற கண்ணாடி. கனம் பாருங்க’ என்று நீட்டினார். உண்மைதான். அது ஈயம் கலந்த ஃபிளிண்ட் கண்ணாடி. அதன் எண் 1.62 என்று நூலகத்திலிருந்த அட்டவணை சொன்னது. பட்டகம் சரி, அளவும் சரி. மறுவாரம் நம்மை வேறு பட்டகம் கொண்டு மீண்டும் செய்யச் சொன்னார்கள். 37 டிகிரி வந்தது, கையொப்பமும் கிடைத்தது. அந்த 1.62 எந்த ஏட்டிலும் ஏறவில்லை. கடல் நீலத்தைப் பற்றி ராலே எழுதியது தவறு என்று சட்டைப்பைப் பட்டகத்தால் கண்ட ஒருவரின் ஊரில், பட்டகம் சொன்னதைக் கேட்க நேரமில்லாமல் போயிற்று. பவ்பஜார் தெருவின் ஆசுதோஷ் டேயை நாம் நூல்களில் படிக்கும்போதெல்லாம் அந்த உதவியாளரின் முகமே எதிரே வரும்.

ஆய்வு திருச்சிக்கு வரவே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தோன்றியது. அங்கே எம். லட்சுமணன் அவர்களின் தலைமையில் நேரியலற்ற இயக்கவியலை ஆராயும் குழு ஒன்று உருவாகி, திருச்சி என்ற பெயரை உலக இயற்பியல் இதழ்களில் இடம்பெறச் செய்தது. 1989இல் அவருக்குப் பட்நாகர் பரிசு கிடைத்தது. அவர்கள் செய்தவற்றுள் சாமானியரும் புரிந்துகொள்ளக்கூடியது ஒரு மின்சுற்று. ஒரு சுருள், ஒரு மின்தேக்கி, ஒரு மின்தடை, அவற்றோடு சூவா டையோடு என்னும் நேர்கோட்டில் நடவாத ஓர் உறுப்பு. அந்த உறுப்பையும் இரண்டு பெருக்கிச் சில்லுகளையும் ஆறு மின்தடைகளையும் கொண்டு கையாலேயே அமைத்துவிடலாம். இதற்குள் ஒழுங்காக ஏறி இறங்கும் மின்னழுத்தம் ஒன்றைச் செலுத்துகிறோம். செலுத்துவதன் வலிமையை மெல்ல மெல்லக் கூட்டினால் சுற்று முதலில் ஒரு தாளத்தில் ஆடும், பிறகு இரட்டைத் தாளம், பிறகு நான்கு, அப்புறம் எந்தத் தாளத்துக்கும் கட்டுப்படாமல் ஆடத் தொடங்கும். விதி ஒன்றும் மாறவில்லை. ஆயினும் அடுத்த ஆட்டம் எப்படி என்று நெடுநேரத்துக்கு முன்கூட்டிச் சொல்ல இயலாது. வானிலையை ஒரு மாதம் முன்பே கணிக்க முடியாததும் இதே காரணத்தால்தான். கே. முரளி, லட்சுமணன், அமெரிக்காவின் லியோன் சூவா ஆகிய மூவரின் பெயரால் 1994இல் வெளிவந்த இச்சுற்று உலகெங்கும் பாடமாயிற்று. வானொலிப் பெட்டி பழுது பார்ப்பவரின் மேசையில் கிடக்கும் சாமான்களைப் பெரிதும் ஒத்தவையே இதற்குத் தேவைப்பட்டன. ஆய்வுக்குப் பணமில்லை என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் நாம் இதைச் சொல்வதுண்டு. பணம் தேவையில்லை என்று இதற்குப் பொருளன்று. பணம் வரும்வரை கேள்வி காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் எழுத நேர்ந்ததற்குக் காரணம் நம் தங்கையின் மகள். வேதியியலில் முதுகலை முடிக்கும் தறுவாயில் இருக்கிறாள். இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு அவள் எடுத்துக்கொண்டது ஆவாரம்பூ. தோல் ஷாப் மூடி எத்தனையோ ஆண்டுகளாயிற்று; அதன் வாடையைக்கூட அறியாத பெண் அவள். நிழலில் உலர்த்திய பூவைச் சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, மெல்லச் சுண்டவைத்து, மஞ்சளைப் பிரித்தெடுத்ததை நம்மிடம் கைப்பேசியில் படமாகக் காட்டினாள். ‘மாமு, ஒரு கூடை பூவுக்கு இவ்வளவுதான்’ என்று கண்ணாடிக் குப்பியின் அடியைச் சுட்டினாள். முனைவர் பட்ட ஆய்வுக்குப் போக வேண்டும் என்பது அவள் விருப்பம். அவள் அத்தாவுக்கோ, பி.எட். முடித்துவிட்டால் ஊரிலேயே ஆசிரியை வேலை, அதற்குள் நல்ல இடம் வந்தால் நிக்காஹ் என்று எண்ணம். தீய எண்ணமன்று, பெண்ணைப் பெற்ற எவரும் எண்ணுவதே.

நம்மைச் சமாதானத்துக்கு அழைத்திருந்தார்கள். அறிவியலின் மேன்மை பற்றி மச்சானிடம் நாம் ஒன்றும் பேசவில்லை. அவர் ஜவுளிக்கடை நடத்துகிறவர், கணக்கு கேட்பவர். ஆகவே கணக்கையே சொன்னோம். நடுவண் அரசின் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. இரண்டாண்டு கழித்து முதுநிலைக்கு உயர்ந்தால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஆய்வு செய்வதற்கு அவள் பணம் கட்ட வேண்டியதில்லை. அவளுக்கே பணம் தருகிறார்கள். மச்சான் சிறிது நேரம் பேசவில்லை. தம் கடையில் முதல் ஆளுக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்பதை மனத்துக்குள் ஒப்பிட்டிருப்பார்.

‘தோத்துப் போனா?’ என்றார்.

ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் தேர்வு, மறுபடியும் எழுதலாம் என்றோம். எந்த ஊரில் ஆய்வு என்று கேட்டார். திருச்சியிலும் கிடைக்கலாம், அடையாற்றுத் தோல் நிலையத்திலும் கிடைக்கலாம் என்றோம். தோல் நிலையம் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். மாமனாரின் தோல் ஷாப்பில் மணமான புதிதில் ஓராண்டு கணக்கெழுதியவர் அவர்.

‘அங்கே எல்லாம் தோலைப் படிக்கிறாங்களா?’

படிக்கிறார்கள் என்றோம். மகளை அழைத்து, விண்ணப்பம் போடக் கடைசி நாள் எது என்று கேட்டார்.